தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி எங்கே போயிற்று?

திருப்பனந்தாளில் ஒரு சிறுவன். வயது எட்டு.

பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வருகிறான். காசி மடத்தைத் தாண்டி வரும்போது ஒரு தெரு நாய் பாய்ந்து காலைக் கவ்வி விட்டது. இரண்டு பல் பதிந்து விட்டது. இரத்தம் கொஞ்சம்தான்.

சிறுவன் வீட்டுக்கு ஓடினானா? இல்லை. மண்ணியாற்றங்கரைக்குப் போனான். இரத்தத்தைத் துடைத்துக் கொண்டான். "கால் என்னடா?" என்று கேட்ட தாயிடம், "முள் கீறிவிட்டது அம்மா" என்று சொல்லிவிட்டான்.

ஏன் மறைத்தான்?

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று அப்பாயி சொல்லியிருக்கிறாள். அந்தப் பயம்!

இந்தச் சிறுவன் கற்பனைதான். ஆனால் இப்படிக் கடியை மறைக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் அல்ல, "சின்னக் கடிதானே, போகட்டும்" என்று இருந்துவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாயி பொய் சொல்லவில்லை. அவள் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள். தினம் ஒன்றாக, அடிவயிற்றில், பெரிய ஊசி. போட்ட இடம் வீங்கும். மறுநாள் வீங்காத இடமாகப் பார்த்து அடுத்த ஊசி.

ஆனால் அந்த மருந்தை நம் நாட்டில் தயாரிப்பது 2004-ம் ஆண்டு டிசம்பரோடு நின்று போயிற்று. இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவது இல்லை. ஊசி போய் இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த 14 ஊசி எப்படி வந்தது? எப்படிப் போயிற்று? அது ஒரு பெரிய கதை.

கடைமடைக்கு வரும் தண்ணீர்

முதலில் இந்த வியாதி உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கல்லணையில் தண்ணீர் திறந்தால் அன்றைக்கே கடைமடைக்கு வந்து விடுகிறதா? இல்லை. ஆற்றில் வந்து, வாய்க்காலில் பிரிந்து, கன்னிக்காலில் புகுந்து, மெல்ல மெல்லத்தான் வயலுக்கு வருகிறது. நடுவில் மதகை அடைத்து விட்டால் தண்ணீர் நின்று விடும்.

வெறிநாய்க்கடிக் கிருமியும் அப்படித்தான். வெறி பிடித்த நாயின் எச்சிலில் அது இருக்கிறது. கடித்த இடத்தில் உள்ளே போகிறது. இரத்தத்தில் கலந்து ஓடுவது இல்லை. நரம்பைப் பிடித்துக் கொள்கிறது. நரம்பு வழியாக மெல்ல ஊர்ந்து மூளையை நோக்கிப் போகிறது.

காலில் கடித்தால் வழி நீளம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் வழி குறுகல். கைவிரலில் நரம்புகள் அதிகம். ஆகவே அங்கே கடிப்பதும் ஆபத்துதான். குழந்தைகள் குள்ளமாக இருப்பதால் அவர்களுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்தில் வியாதி தெரியும். சிலருக்குச் சில நாளிலேயே தெரிந்து விடும். சிலருக்கு ஓர் ஆண்டு கழித்தும் வரும்.

மூளைக்குப் போய்ச் சேர்ந்து விட்டால் முடிந்தது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். காற்றுப் பட்டால் உடம்பு உதறும். அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக மிகச் சிலர்தான்.

ஆனால் இதே வியாதியில் ஓர் அதிசயமும் இருக்கிறது. பெரும்பாலான வியாதிகளுக்குத் தடுப்பு ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கோ கடித்த பிறகு போட்டாலும் பலிக்கும்! கிருமி மெல்ல நடக்கிறது. அது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் உடம்பைத் தயார் செய்து மதகை அடைத்து விடலாம்.

இதை முதன்முதலில் செய்து காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

பாரிசுக்கு வந்த தாய்

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. பாரிஸ் நகரில் பாஸ்டரின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். மகன் பெயர் ஜோசப் மைஸ்டர். வயது 9. ஊர் அல்சாஸ். இரண்டு நாளைக்கு முன் ஒரு வெறி நாய் அவனைக் கடித்துக் குதறி இருந்தது. கையிலும் காலிலும் பல காயங்கள்.

பாஸ்டர் டாக்டர் அல்ல. ரசாயன விஞ்ஞானி. நாய்களிடம் தம் மருந்தைச் சோதித்துப் பார்த்து வெற்றி கண்டிருந்தார். மனிதருக்குக் கொடுக்கத் தயங்கினார். ஆனால் கொடுக்காவிட்டால் சிறுவன் நிச்சயம் சாவான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். துணிந்தார்.

மருந்து எது தெரியுமா? வெறிநோய் கண்டு இறந்த முயலின் முதுகுத்தண்டு! அதை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் தொங்க விட்டு உலர்த்துவார்கள். நாளாக நாளாகக் கிருமியின் வேகம் குறையும். பதினைந்து நாள் உலர்ந்ததில் வேகமே இருக்காது. முதல் ஊசி அதில் போட்டார்கள். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவாக உலர்ந்தது. இப்படிப் படிப்படியாக ஏற்றி, கடைசி ஊசி புதிதாக எடுத்த வேகமான சரக்கு.

மொத்தம் 13 ஊசி. கிரான்ஷே என்ற டாக்டர் போட்டார். எங்கே போட்டார்? வலது விலாவுக்குக் கீழே, வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்துப் போட்டார். ஆம்! வயிற்றில் ஊசி போடுகிற வழக்கம் அந்த முதல் நாளிலேயே வந்து விட்டது.

சிறுவன் பிழைத்தான். பெரியவனாகி, பாரிசில் பாஸ்டர் பெயரால் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையத்திலேயே வாயில் காப்பாளராக வேலை பார்த்தான்.

செய்தி உலகம் எங்கும் பரவிற்று. நாய் கடித்தவர்கள் பல நாடுகளில் இருந்து பாரிசுக்கு ஓடினார்கள். அந்த மருந்தைத் தூரத்துக்கு அனுப்ப முடியாது. உலர்ந்த தண்டு அன்றன்று வேண்டும். மருந்து ஆளிடம் வராது, ஆள்தான் மருந்திடம் போக வேண்டும்.

குன்னூருக்கு ரெயில்

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ம் ஆண்டில் இமயமலை அடிவாரத்தில் கசௌலி என்ற ஊரில் தொடங்கிற்று. வடக்கே இருப்பவர்களுக்குச் சரி. சோழ நாட்டில் நாய் கடித்தால் என்ன செய்வது? கும்பகோணத்தில் ரெயில் ஏறி, சென்னை போய், அங்கிருந்து நாட்கணக்கில் வடக்கே போக வேண்டும். பணக்காரர்களுக்கே பெரும்பாடு. கூலிக்கு நாற்று நடுகிறவர் நினைத்துப் பார்க்கவே முடியாது.

1902-ம் ஆண்டில் லில்லி பேக்கன்காம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னாட்டில் வெறிநாய்க்கடியால் இறந்து போனாள். வேளையில் சிகிச்சை கிடைக்கவில்லை. அந்தச் சாவு தெற்கேயும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பியது. அதற்கு முன்பு எத்தனையோ ஏழைகள் இதே வியாதியில் செத்திருப்பார்கள். அப்போதெல்லாம் அந்த எண்ணம் எழவில்லை!

ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் இந்தியாவுக்கு வந்தபோது, நல்ல காரியத்துக்கு என்று வைசிராய் கர்சனிடம் பெருந்தொகை கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பீகாரில் பூசா என்ற இடத்தில் விவசாய ஆராய்ச்சி நிலையம் கட்டப் போயிற்று. ஒரு பகுதி நீலகிரிக்கு வந்தது. 1907-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்கிற்று. சிம்ஸ் பூங்காவுக்கு அருகே அது இன்றும் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு மலை ரெயில் 1899-லேயே ஓடத் தொடங்கி இருந்தது. ஆகவே திருப்பனந்தாளில் நாய் கடித்தால், மாட்டு வண்டியில் கும்பகோணம், ரெயிலில் திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம், பிறகு மலை ரெயில். ஊசி முடிகிற வரை மலையில் தங்க வேண்டும். கசௌலிக்கு இது எவ்வளவோ மேல். என்றாலும் அறுப்பு நேரத்தில் ஒரு குடியானவர் வயலை விட்டு அத்தனை நாள் குன்னூரில் போய் உட்கார முடியுமா?

ஆட்டு மூளை மருந்து

இந்தக் கஷ்டத்துக்கு விடை கண்டவர் டேவிட் செம்பிள் என்ற ராணுவ டாக்டர். கசௌலி நிலையத்தில் இருந்தவர். 1911-ம் ஆண்டில் அவர் ஒரு புது முறையை வெளியிட்டார். கிருமி இருக்கும் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் கலந்து, கிருமியைச் சாகடித்து விடுவது. செத்த கிருமிதான் மருந்து. இதற்கு ஆட்டின் மூளையைப் பயன்படுத்தினார்கள். ஒரு ஆட்டு மூளையில் நிறைய மருந்து கிடைத்தது. செலவும் குறைவு.

எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம் வேறு. இந்த மருந்தைச் சீசாவில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம்! குன்னூரில் தயாராகிற மருந்து சமவெளியில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. ஆள் மருந்திடம் போன காலம் மாறி, மருந்து ஆளிடம் வரத் தொடங்கிற்று. அப்பாயி காலத்து 14 ஊசி இதுதான்.

ஏன் 14 ஊசி? அரைத்த மூளையில் கிருமி கொஞ்சம்தான். மற்றது எல்லாம் ஆட்டின் மூளைச் சதை. உடம்பு விழித்துக்கொள்ள வேண்டுமானால் நிறையக் கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கடியின் கடுமையைப் பார்த்து 7 முதல் 14 ஊசி வரை போட்டார்கள்.

ஏன் வயிற்றில்? ஒரு தடவைக்கு 2 முதல் 5 மில்லி வரை மருந்து. 5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி. அவ்வளவையும் கையில் தோலுக்கு அடியில் ஏற்ற இடம் இல்லை. வயிற்றுத் தோல் தளர்ந்தது, அகலமானது. தினம் ஓர் இடமாக மாற்றிக்கொள்ளலாம். தொப்புளில் ஊசி போடுவார்கள் என்பது பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொன்ன கதை. தொப்புளைச் சுற்றியுள்ள வயிற்றில்தான் போட்டார்கள்.

இந்த மருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிற்று. அதை மறக்கக் கூடாது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டு மூளையிலும் மனிதர் நரம்பிலும் ஒரே மாதிரிப் பொருள் உண்டு. ஊசி போட்ட சிலருக்கு உடம்பு கிருமியை எதிர்ப்பதோடு நிற்காமல், தன் நரம்பையே எதிர்க்கத் தொடங்கிவிடும். கை கால் விழுந்து விடும். சிலர் இறந்தும் போனார்கள்.

வெறிநாய்தானா என்று தெரியாது. ஊசி போட்டால் வாதம் வரலாம். போடாவிட்டால் சாவு வரலாம். ஒரு தகப்பனார் என்ன முடிவு செய்வார்? டாக்டர்களுக்கே அது தலைவேதனையாக இருந்தது.

புட்டியில் வளர்ந்த கிருமி

மூளை இல்லாமல் மருந்து செய்ய முடியுமா? விஞ்ஞானிகள் பல ஆண்டு முயன்றார்கள்.

கிருமி வளர உயிருள்ள இடம் வேண்டும். ஆனால் முழு ஆடு வேண்டியது இல்லை. உடம்பு என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிரணுக்களால் ஆனது. அவற்றில் சிலவற்றை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் சத்து நீர் ஊற்றி வளர்க்கலாம். நாற்றங்காலில் விதை முளைப்பதுபோல அவை பெருகும். அதில் கிருமியை வளர்த்து, சாகடித்து, அழுக்கை நீக்கி எடுத்தால் சுத்தமான மருந்து!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் விஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் கொப்ரோவ்ஸ்கி, விக்டர் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் மனித உயிரணுவில் இதைச் செய்தார்கள். அதற்குச் சோதனை ஈரான் நாட்டில் நடந்தது. வெறி பிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்துக் குதறிய 45 பேருக்குப் புது மருந்தைப் போட்டார்கள். ஓநாய்க் கடி மிகக் கொடியது. 1976-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 45 பேரும் உயிரோடு இருந்தார்கள்!

பிறகு கோழிக்கருவின் உயிரணுவிலும், 'வீரோ' என்ற உயிரணுவிலும் மருந்து செய்தார்கள். வீரோ உயிரணு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து 1962-ம் ஆண்டில் ஜப்பானில் எடுக்கப்பட்டது. அன்று எடுத்ததன் சந்ததி இன்னும் உலகம் முழுவதும் புட்டிகளில் வளர்ந்து கொண்டிருக்கிறது. நீலகிரியிலும் வளர்ந்தது. ஆட்டு மூளை மருந்து செய்த அதே குன்னூர் நிலையம், வீரோ உயிரணுவில் புது மருந்தைத் தயாரித்தது.

புது மருந்து பொடியாக வருகிறது. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். போடும்போது நீர் விட்டுக் கரைக்கிறார்கள். 14 ஊசி 5 ஊசியாகக் குறைந்தது. இடம் வயிறு அல்ல, கை. வாதப் பயமும் நீங்கிற்று.

ஆனால் விலை? ஆட்டு மூளை மருந்தைவிடப் பல மடங்கு! ஒரு ஆளுக்கு ஐந்து சீசா. தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்தவர்கள் புது மருந்து போட்டுக்கொண்டார்கள். ஏழைகளுக்குப் பழைய மருந்துதான். ஒரே ஊரில், ஒரே நாய் கடித்தாலும் பணக்காரப் பிள்ளைக்குக் கையில் ஊசி, ஏழைப் பிள்ளைக்கு வயிற்றில் ஊசி என்ற நிலை பல ஆண்டு இருந்தது.

இரண்டு சொட்டின் வேலை

இந்த வேற்றுமையைப் போக்கியது ஒரு சின்ன யோசனை. மருந்தை மாற்றவில்லை. ஊசி போடுகிற ஆழத்தை மாற்றினார்கள்!

வழக்கமாக ஊசி தசைக்குள் இறங்கும். தசையில் காவல் குறைவு. அதனால் முழுச் சீசா மருந்து வேண்டி இருக்கிறது. தோல் அப்படி அல்ல. வெளியில் இருந்து எது வந்தாலும் முதலில் தோல்தானே எதிர்கொள்கிறது? ஆகவே தோலுக்குள் காவல் அணுக்கள் நிறைய இருக்கின்றன. அந்நியப் பொருள் கொஞ்சம் வந்தாலும் பிடித்துக்கொண்டு போய்ச் சேதி சொல்லிவிடும்.

தோலின் உள்ளேயே மிகக் கொஞ்சம் மருந்தை வைத்தால் போதுமே! பாங்காக் நகரில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் டாக்டர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1992-ம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பெங்களூர் முதலிய இடங்களில் ஆராய்ச்சி நடந்த பிறகு, 2006-ம் ஆண்டில் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது.

ஒரு இடத்துக்கு எவ்வளவு மருந்து தெரியுமா? ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய இரண்டு சொட்டு! இடது மேல்கையில் ஒன்று, வலது மேல்கையில் ஒன்று. நான்கு தடவை வந்தால் மொத்தம் எட்டு இடம். கூட்டிப் பார்த்தால் ஒரு மில்லிகூட ஆகவில்லை. அப்பாயிக்கு ஒரு நாளில் ஏற்றிய மருந்தில் இது சின்னப் பகுதி.

குழந்தை பிறந்ததும் இடது மேல்கையில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதுவும் இதே மாதிரி தோலுக்குள் போடுவதுதான். ஊசி சரியாக விழுந்தால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிச் சின்னதாகப் புடைக்கும். புடைக்காவிட்டால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். நர்சுக்குக் கைப்பழக்கம் வேண்டிய வேலை இது.

ஒரு மில்லி சீசாவைத் திறந்தால் ஒரு வேளைக்கு நாலைந்து பேருக்குப் போடலாம். ஆனால் திறந்த சீசாவைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஆகவே நாய்க்கடிக்காரர்கள் தினமும் வருகிற அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. நாளைக்கு ஒருவர் வருகிற இடத்தில் மீதி மருந்து வீணாகும். அங்கே தசையில் போடுவதும் உண்டு. பலன் இரண்டிலும் ஒன்றுதான். "எனக்கு மட்டும் ஏன் கொஞ்சம் மருந்து?" என்று சண்டை போட வேண்டாம்.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். குன்னூருக்கு ரெயில் ஏற வேண்டாம். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பம்புசெட்டும் சோப்பும்

ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு டாக்டர் வேண்டாம்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, எதுவானாலும் சரி. குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, எது கையில் கிடைத்தாலும் சரி. இந்தக் கிருமியின் மேலே கொழுப்பு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே கிருமிக்கும் செய்கிறது. 15 நிமிஷம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நம் கதைச் சிறுவன் இரத்தத்தைத் துடைத்தானே, அது போதாது.

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பிப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போட வேண்டாம். அவை கிருமியைக் கொல்லாது. காயத்தை எரித்து அதை உள்ளே தள்ளிவிடும்.

காயம் ஆழமாக இருந்தால், இரத்தம் வந்தால், தடுப்பு ஊசி மட்டும் போதாது. தடுப்பு ஊசி உடம்பைத் தயார் செய்ய ஒன்று, இரண்டு வாரம் ஆகிறது. மதகு கட்டி முடிகிற வரை தண்ணீரை எது தடுப்பது? மண்மூட்டை அடுக்குவது இல்லையா, அதுபோலத் தயாரான எதிர்ப்புச் சத்தைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் இருந்தும், மனித இரத்தத்தில் இருந்தும் அதை எடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் செய்ததும் இப்போது வந்துவிட்டது. "காயத்தில் போடுகிற ஊசி உண்டா?" என்று டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.

பூனை கடித்தாலும், குரங்கு, நரி கடித்தாலும் இதே வைத்தியம்தான். வீட்டு நாய் ஆயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயைப் பத்து நாள் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று அவர் சொல்வார்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் கிடையாது. கறி, மீன், கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். பழைய ஊசியோடு பத்தியமும் போய்விட்டது. இதில் ஆண்களுக்குத்தான் மிகவும் சந்தோஷம்!

கோழித் தலைக்குள் மருந்து

ஊசி போட்டுக்கொண்டே இருப்பதைவிட நாய்க்கே வியாதி வராமல் செய்தால் என்ன?

ஐரோப்பாவில் இந்த வியாதியைப் பரப்பியது காட்டு நரி. நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு வேடிக்கையான யோசனை செய்தார்கள். கோழித் தலைகளை வாங்கி, தோலுக்கு அடியில் மருந்துக் குப்பியைச் செருகி, காட்டில் போட்டு வைத்தார்கள். 1978-ம் ஆண்டில் இது நடந்தது. நரி கடித்தது. குப்பி உடைந்து மருந்து வாயில் பட்டது. ஊசி இல்லாமலே நரிக்குத் தடுப்பு ஏற்பட்டது! பிறகு மீன்தூளிலும் கொழுப்பிலும் வில்லை செய்து விமானத்தில் இருந்து தூவினார்கள். மேற்கு ஐரோப்பாவில் நரிகளிடம் இந்த வியாதி ஏறக்குறைய ஒழிந்து போயிற்று.

நம் நாட்டில் தெரு நாய்க்கு இன்னும் ஊசிதான் வழக்கம். கோவாவில் ஆட்கள் வலை வீசி நாய்களைப் பிடித்து ஊசி போட்டு விடுகிறார்கள். பிடிபடாத நாய்களுக்குத் தீனி மூலம் மருந்து கொடுக்கலாமா என்று பார்க்க, மருந்து இல்லாத வெற்றுத் தீனியை வைத்து அங்கே ஓர் ஆராய்ச்சியும் நடந்தது. வலையைக் கண்டால் ஓடுகிற நாய், தீனியைக் கண்டால் வந்தது. 2021-ம் ஆண்டில் கோவாவை வெறிநாய்க்கடி கட்டுப்பட்ட மாநிலம் என்று அறிவித்தார்கள்.

இந்தியா முழுவதும் பார்த்தால் நிலைமை அப்படி இல்லை. இருபது ஆண்டுக்கு முன் ஆண்டுக்கு 20,000 பேர் இந்த வியாதியில் இறப்பதாகக் கணக்கிட்டார்கள். அண்மையில் எடுத்த கணக்கில் அது சுமார் 5,700. பெரிய இறக்கம்தான். ஆனால் மருந்து கையில் இருக்கும்போதே சாகிற 5,700 பேர் அவர்கள். அவர்களில் ஊசிக்கே போகாதவர்கள் உண்டு. போய்விட்டுப் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு.

திங்கள், வியாழன், திங்கள்

திருப்பனந்தாள் சிறுவனிடம் திரும்புவோம்.

இரவு தூங்கும்போது அப்பாயி அவன் காலைப் பார்த்து விட்டாள். முள் கீறினால் இப்படி இரண்டு பக்கம் பதியுமா? ஒரே அதட்டு. உண்மை வெளிவந்தது. அப்போதே சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தாமதமாகக் கழுவுவதும் கழுவாமல் இருப்பதைவிட மேல். விடிந்ததும் தகப்பனார் அவனைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். அன்று திங்கட்கிழமை.

டாக்டர் காயத்தைப் பார்த்தார். மறுபடி கழுவச் சொன்னார். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார். அப்போது கொஞ்சம் கத்தினான். பிறகு நர்சு இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஊசி திங்கள் என்றால் மூன்றாம் நாள் வியாழன். ஏழாம் நாள் மறுபடி திங்கள். பிறகு இருபத்தெட்டாம் நாள், அதுவும் திங்கள்தான்.

மூன்று தடவை போட்டதும் உலக சுகாதார நிறுவனம் போதும் என்று 2018-ம் ஆண்டில் சொல்லி இருக்கிறது. நம் நாட்டு முறையில் இருபத்தெட்டாம் நாள் ஊசியும் உண்டு. பலர் தவற விடுவது அந்தக் கடைசி ஊசியைத்தான். காயம் ஆறியிருக்கும். நடவு வேலை வந்திருக்கும். அட்டை எங்கே போயிற்று என்றே தெரியாது.

சிறுவனின் அட்டையை அப்பாயி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "நாலாவது திங்கள் எதுடா?" என்று வாரம் ஒரு தடவை பேரனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தத் திங்களும் வந்தது. போய்விட்டுத் திரும்பினான்.

"வயிற்றில் போடவே இல்லையாடா?"

"இல்லை அப்பாயி. கையில்தான்."

அப்பாயி அவன் சட்டையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.